கொழுந்துக்குள் இருக்கும் மழை

ஹட்டனில் ஜூன் மாதம் பெய்யும் மழைக்கும் பதுளையில் டிசம்பர் மாதம் பெய்யும் மழைக்கும் எடையில் வித்தியாசம் உண்டு. நாக்குக்கோ கண்ணுக்கோ அது பிடிபடாது. ஆனால் அளந்து சொல்லிவிடலாம். அதை அளப்பதற்காகவே மலையகத் தோட்டங்களுக்குள் போத்தல்களும் பைகளுமாக நடந்து திரிகிறவர் ஒருவர் இருக்கிறார். லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பாவுக்கு ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பேராதனையில் இரசாயனவியல் படித்து முடித்ததும் சமதானிகளை அளக்கும் ஆய்வுகூட வேலையில் சேர்ந்தவர், இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறார். பெயர் வேண்டாம், வேலையைப் பற்றி எழுதுங்கள் என்பது அவர் விருப்பம்.

சமதானி என்றால் என்ன என்று தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர் ஒட்சிசனை வைத்தே சொல்லிக்கொடுப்பார். ஒட்சிசன் அணுவின் கருவில் எட்டுப் புரோத்தன்கள். அந்த எண்ணிக்கை மாறினால் அது ஒட்சிசனே இல்லை. கூட இருக்கும் நியூத்திரன்கள் மட்டும் கூடலாம், குறையலாம். எட்டு இருந்தால் ஒட்சிசன்-16, பத்து இருந்தால் ஒட்சிசன்-18. மூலகம் ஒன்றுதான், பாரம்தான் வேறு. உலகத்து ஒட்சிசனில் 99.76 வீதம் இலேசான 16. பாரமான 18 வெறும் 0.2 வீதம். ஐதரசனிலும் அப்படித்தான்: ஏறக்குறைய 6,400 அணுக்களுக்கு ஒன்று பார ஐதரசன். அதை 1931இல் கண்டறிந்த ஹரோல்ட் யூரேக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. காபனில் 1.1 வீதம் காபன்-13. நைதரசனில் 0.37 வீதம் நைதரசன்-15.

பாடப்புத்தகம் இந்த வீதங்களை மாறாத எண்களாகத் தருகிறது. அவருடைய தொழிலோ, அவை மாறுவதில்தான் இருக்கிறது. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறு முந்திக்கொண்டு மேலே போகிறது. மேகம் குளிர்ந்து துளியாகும்போது பாரமானது முந்திக்கொண்டு கீழே விழுகிறது. சாதாரண வெப்பநிலையில் ஒட்சிசனில் இந்த முந்தலின் அளவு ஆயிரத்தில் பத்துப் பங்கு அளவுதான். ஆனால் மேகம் மலையேறிக்கொண்டே மழை கொட்டும்போது, ஒவ்வொரு பொழிவிலும் பாரமானது கழிந்து, மிச்சமிருக்கும் ஆவி மேலும் மேலும் இலேசாகிறது. கடல்நீரைப் பூச்சியமாக வைத்து, அதிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு குறைந்திருக்கிறது என்று கணக்கெழுதுவார்கள். மலையில் 100 மீற்றர் ஏறினால் ஒட்சிசன்-18 பொதுவாக 0.2 முதல் 0.3 வரை குறையும். கினிகத்தேனையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியா வரை ஏறும் பாதையில் இந்த வித்தியாசம் கருவியில் சந்தேகமில்லாமல் விழும் அளவுக்கு வந்துவிடுகிறது.

சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக வானிலை அமைப்பும் 1960களின் தொடக்கத்திலிருந்தே உலகெங்கும் மாதாந்த மழைநீரைச் சேர்த்து அளந்து வருகின்றன. மழையில் பார ஐதரசனும் ஒட்சிசன்-18ம் ஒரே நேர்கோட்டில் ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்பதை 1961இல் ஹார்மன் கிரெய்க் காட்டினார். ஐதரசனின் மாற்றம் ஒட்சிசனுடையதைப்போல எட்டு மடங்கு, அத்துடன் ஒரு பத்து. இந்தக் கோடுதான் நம் மலையக ஆய்வாளரின் முதல் ஆயுதம். ஒரு தண்ணீர் கோட்டிலிருந்து விலகி நின்றால் அது வழியில் எங்கோ வெயிலில் கிடந்து ஆவியாகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே மழை சேகரிக்கும் முறையே ஆவியாதலுக்கு எதிரான போராட்டம். புனலின் அடியில் குறுகிய குழாய், அது முங்கும் கலன், தண்ணீரின் மேல் மெல்லிய பரபின் எண்ணெய்ப் படலம். மாத முடிவில் எண்ணெய்க்கு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, காற்றுக்கு இடமில்லாமல் போத்தலின் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, மலை இலக்கம், உயரம், திகதி எழுதவேண்டும். தளர்ந்த மூடியோடு வந்த போத்தலை அவர் அளப்பதில்லை. அப்படியே கீழே ஊற்றிவிடுவார். எண் வரும், ஆனால் அது மழையின் எண்ணாக இருக்காது என்பார்.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு நாள் போத்தல் மூடிக்கொண்டிருந்தபோது கூடையோடு நின்ற ஒரு அக்கா கேட்டார்.

“என்னா தம்பி, மழைத் தண்ணிய இவ்வளவு பத்திரமா மூடுறீங்க?”

“கொஞ்சம் ஆவியாப் போனாலும் கணக்கு மாறிரும் அக்கா.”

“அப்போ எங்க பீலித் தண்ணிக்கும் கணக்கு இருக்குமா? பங்குனி வெயில்லயும் அது நிக்கிறதில்லையே, எங்கருந்து வருது?”

அவருடைய தொழில் வாழ்க்கையில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த ஆய்வுக் கேள்வி அதுதான் என்று இன்றும் சொல்கிறார். லயத்துச் சனங்கள் குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் மலையிலிருந்து வழிந்து விழும் பீலியில். அந்தத் தண்ணீர் எங்கே மழையாக விழுந்தது என்று அதுவரை யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. அவர் கோடையிலும் மழையிலும் அதே பீலியில் தண்ணீர் எடுத்தார். லயத்தைச் சுற்றி விழுந்த மழையின் எண் மாதத்துக்கு மாதம் ஆடியது. பீலியின் எண் ஆடவேயில்லை. அதோடு, பீலித் தண்ணீர் அங்கே பெய்த மழையைவிட இலேசாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவு: அந்தத் தண்ணீர் மேலே, முகட்டுக் காட்டில் விழுந்து, மண்ணுக்குள் பல மழைகளாகக் கலந்து, மெதுவாக இறங்கி வருகிறது. தேயிலை மலைக்குள் விழுந்த மழை அல்ல அது. முகட்டில் மிஞ்சியிருக்கும் காட்டை யாரும் விறகுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் வெட்டக்கூடாது என்று சொல்வதற்கு அவருக்குக் கிடைத்த பலமான ஆதாரம் இது. திரும்பிப் போய் இதை அவர் முதலில் சொன்னது அந்த அக்காவிடம்தான்.

பனிமூட்டத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயரங்களில் குட்டை மரங்களும் அவற்றின் பாசியும் மேகத்திலிருந்தே நீரை வடித்து எடுக்கின்றன. மூட்டத்துத் தண்ணீர் அதே இடத்து மழையைவிடப் பொதுவாகச் சற்றுப் பாரமானது. அதனால் ஓடையில் அதன் பங்கைத் தேடிப் பார்க்க முடிகிறது. காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களின் நீரோ வேறு விதம். வெயிலில் விரிந்து கிடந்த நீர் கிரெய்க்கின் கோட்டிலிருந்து விலகிவிடும். அணைக்குக் கீழே ஒரு ஊற்று புறப்பட்டால் அது தேக்கத்தின் கசிவா, மலையின் சொந்த ஊற்றா என்று பிரித்துச் சொல்ல அந்த விலகல் போதும்.

மத்திய மலைநாட்டின் உண்மையான அதிசயம், இரண்டு பருவக்காற்றுகளும் ஒரே முகட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி வந்து மோதுவதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைச் சரிவுகளில் கொட்டுகிறது. அப்போது ஊவாவில் வரண்ட காற்று. ஆண்டின் கடைசியில் வடகீழ்ப் பருவம் வந்தால் நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவ மழை தென்மேற்கு மழையைவிட ஒட்சிசன்-18 குறைந்தது என்பது தென்னிந்தியாவில் நன்றாகத் தெரிந்த சங்கதி. வங்காள விரிகுடாவில் பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீரும், காற்று வரும் வழியில் பெய்து தீர்க்கும் மழையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அகமதாபாத் பௌதிக ஆய்வுகூடம் முன்நின்று நடத்திய தேசியத் திட்டம் ஒன்று இந்தியாவின் மழை, ஆறு, நிலத்தடி நீர் அனைத்துக்கும் இப்படிச் சமதானி அடையாளம் எடுத்தது.

இனி கொழுந்து. தேயிலைச் செடி வேரால் குடிக்கும் மழையின் ஐதரசனும் ஒட்சிசனும் இலையின் உடலாகின்றன. ஆனால் நேராக அல்ல. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது இலேசானது வெளியேறி, இலைக்குள் பாரமானது தங்குகிறது. காற்று எவ்வளவு வரண்டதோ அவ்வளவுக்குத் தங்கல் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புளைப் பக்கம் குளிர்ந்த வரண்ட காற்று வீசும் தரக் காலத்தில் கொழுந்து பாரமாகும்; ஜூன் மழையில் இலேசாகும். உயரம் ஒரு பக்கம் இழுக்கிறது, வரட்சி மறு பக்கம் இழுக்கிறது. எனவே திகதியில்லாத தேயிலை மாதிரியை வைத்துக்கொண்டு உயரத்தைச் சொல்ல முற்படுகிறவரை அவர் நம்புவதில்லை. மரத்தில் வளையம் வளையமாகப் பல ஆண்டுகள் பதிந்து கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தாங்கி நிற்பது அண்மைச் சில வாரங்களின் வானிலையை மட்டுமே. குறுகிய நினைவுதான், ஆனால் கூர்மையானது.

மாதிரி எடுக்க அவர் கொழுந்தெடுப்பவர்களோடேயே மலைக்குள் இறங்குவார். எந்தப் பற்றையில் எடுக்கவேண்டும் என்று அவர்களைத்தான் கேட்பார். கவ்வாத்து வெட்டி எவ்வளவு காலம், கடைசியாக உரம் போட்டது எப்போது, பழைய விதைத் தேயிலையா, வெட்டுத்துண்டில் வளர்த்ததா, எல்லாம் தாளில் ஏறும். கங்காணியின் கொப்பியைவிட இந்த விவரங்கள் பெண்களின் வாயில் துல்லியமாக இருக்கும் என்கிறார். பிறகு அதே நாளின் தூளை ஸ்டோரில் எடுப்பார். வாட்டுதல், அரைத்தல், நொதித்தல், உலர்த்துதல் என்று கொழுந்து கடக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எதுவோ மாறுகிறது. நொதிக்கும்போது காற்றின் ஒட்சிசன் இலையின் பொலிபீனோல்களோடு வினைபுரிகிறது. பச்சைக் கொழுந்துக்கும் தூளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அந்தந்த ஸ்டோருக்கே அளந்து வைக்காமல் கடைத் தேயிலையைப் பற்றிப் பேச முடியாது.

ஆய்வுகூடத்தில் வேலை பொறுமையைத் தின்னும். உலர்த்தி, மாவாக அரைத்து, மில்லிகிராம் கணக்கில் நிறுத்துச் சின்னச் சிமிழ்களில் மடிக்கவேண்டும். காபனுக்கும் நைதரசனுக்கும் வெள்ளீயச் சிமிழ். அது உலையில் ஆயிரம் பாகை அளவில் எரிந்து தூளையும் எரித்துவிடும். ஐதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் வெள்ளிச் சிமிழ். அங்கே எரிப்பதில்லை, ஒட்சிசன் இல்லாமல் ஏறக்குறைய 1,400 பாகையில் சிதைப்பார்கள். வெளிவரும் வாயு திணிவு நிறமாலைமானிக்குள் போய், காந்தப் புலத்தில் வளைந்து, பாரத்துக்கேற்பப் பிரிந்து விழும். மலைநாட்டு ஈரக்காற்றுதான் இங்கே எதிரி. உலர்ந்த தேயிலைத்தூள் திறந்த சில நிமிடங்களில் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், கூடவே தன் ஐதரசனில் ஒரு பகுதியை அந்த ஈரத்தோடு மாற்றியும்கொள்ளும். அதனால் ஒப்பீட்டு மாதிரிகளையும் தேயிலையையும் ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே உலர்கலனில் வைத்தே அளப்பார்.

நைதரசன்-15 பற்றிப் பேச்செடுத்தால் குரல் மாறிவிடும். காற்றின் நைதரசன்தான் இங்கே பூச்சியம். யூரியா காற்றிலிருந்து செய்யப்படுவதால் அதன் எண்ணும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மாட்டெருவிலும் கூட்டெருவிலும் இலேசான நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிட, மிஞ்சியது பாரமாகி எண் ஐந்து, பத்து என்று ஏறும். ஆகவே சேதனத் தேயிலை என்று விற்பதைச் சோதிக்க இந்த எண்ணை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். இலங்கையில் 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதித் தடை அறிவிக்கப்பட்டு, விளைச்சல் விழுந்து, அந்த நவம்பரில் தடை நீக்கப்பட்ட பிறகு, தோட்டங்களில் எது சேதனம், எது இல்லை என்ற கேள்வி சூடானது. அவர் அப்போதும் எச்சரித்தார், இப்போதும் எச்சரிக்கிறார்: எருவே போடாமல் கிளிரிசீடியா, கல்யாண முருங்கைத் தழை வெட்டிப்போட்டு உண்மையாகவே சேதனமாக வளர்க்கிற சிறுதோட்டக்காரரின் கொழுந்தும் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்த மரங்கள் வேர் முடிச்சில் காற்றின் நைதரசனையே பிடிக்கின்றன. எண்ணை மட்டும் பார்த்தால் யூரியா போட்டவராகவே தெரிவார். ஒரு மனிதனின் பிழைப்பு தொங்கும் இடத்தில் ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்பதில் அவர் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மழையும் உரமும் மாதத்துக்கு மாதம் மாறும். கல் மாறாது. அதனால் அவர் நெடுநாளாக ஆசையோடு பார்ப்பது ஸ்ட்ரோன்சியத்தை. ருபீடியம்-87 ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டு அரைவாழ்வோடு மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரோன்சியம்-87 ஆகிறது. ருபீடியம் நிறைந்த பழைய கல்லில் அதன் பங்கு காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும். கடல்நீரில் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் உலகம் முழுவதும் 0.709 அளவில் நிற்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஒரு பக்கம், உக்கும் பாறை மறு பக்கம், இரண்டும் கலந்த விகிதம் மண் வழியாகச் செடிக்குள் போகிறது. ஒட்சிசனைப்போல இலையில் அது ஆவியாகிப் பிரிவதும் இல்லை.

அந்தப் பாறையின் வயதையே சமதானி கொண்டுதான் அறிந்தார்கள். 1988இல் மிலிசெண்டா, லியூ, ஹொஃப்மன், க்ரோனர் ஆகியோர் நியோடைமியம் சமதானிகளை வைத்து இலங்கையின் ஆதிப்பாறைகளை வயது மாகாணங்களாகப் பிரித்து வரைந்தார்கள். நாம் கொழுந்தெடுக்கும் உயர்நிலத் தொகுதியின் கல், பூமியின் உட்புறத்திலிருந்து பிரிந்து 200 முதல் 300 கோடி ஆண்டுகள். கிழக்கே தாழ்நிலத்தின் விஜயன் தொகுதி 100 முதல் 200 கோடி ஆண்டுகள்.  அந்த வரைபடத்தின் நிறங்களை லயத்துப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அவர் முகத்தில் வரும் பெருமை, பட்டம் வாங்கிய நாளில்கூட இருந்திருக்காது.

காபனின் கதை இன்னும் நீளமானது. தேயிலையும் காட்டு மரங்களும் ஒரு வழியில் காபனைப் பிடிக்கின்றன. அவற்றின் காபன்-13 எண் ஆயிரத்தில் -27 அளவில் இருக்கும். வெப்பப் புல்வகைகள் பல வேறு வழியில் பிடிப்பதால் -13 அளவில் நிற்கும். மலைச் சதுப்பில் அடுக்கடுக்காகப் புதைந்த கரிமண்ணை ஆழத்துக்கு ஆழம் அளந்தால் எப்போது புல், எப்போது காடு என்று தெரிந்துவிடும். நீலகிரிச் சதுப்புகளில் ராமன் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் இதைச் செய்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். உறைபனிக் காலத்தின் உச்சத்தில் அங்கே பருவமழை தளர்ந்து வரண்ட புல் ஓங்கியிருந்தது. இங்கே ஹோர்ட்டன் சமவெளியில் பிரேமதிலக்கவும் ரிஸ்பெர்க்கும் மகரந்தத்தோடு காபன் சமதானியையும் சேர்த்து 24,000 ஆண்டுகளின் வானிலையை வாசித்து 2003இல் வெளியிட்டார்கள். மலைச் சரிவின் தெற்கே, குகைகளில் கிடைத்த மனிதப் பற்களின் எனாமலை அளந்த பட்ரிக் ரொபர்ட்ஸ் குழு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இங்கே மழைக்காட்டு உணவில் வாழ்ந்ததை 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டியது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டதோடு இந்த மலையின் வரலாறு தொடங்குவதாகப் பாடம் நடத்துபவர்களிடம் இந்த ஆய்வுகளைப் பற்றி அவர் பொறுமையாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்.

சரி, தேயிலைக்கு இதனால் என்ன? 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆசியத் தேயிலைகளைச் சமதானிகளாலும் சுவட்டு மூலகங்களாலும் நாடு வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். சிங்க இலச்சினை போட்ட பொதியில் முழுக்க இலங்கைத் தேயிலைதான் இருக்கவேண்டும், இங்கேயே பொதிக்கப்பட்டும் இருக்கவேண்டும் என்பது விதி. வெளிநாட்டில் வேறு இலையோடு கலந்து ‘சிலோன்’ என்று விற்கும் சரக்கை ஆய்வுகூடத்தில் பிடிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. எதோடு ஒப்பிடுவது? நுவரெலியா, திம்புளை, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, ருகுணை, சப்ரகமுவ என்ற ஏழு பிரதேசத்துக்கும், 600 மீற்றருக்குக் கீழ், 1,200 வரை, அதற்கு மேல் என்ற மூன்று உயரத்துக்கும், இரண்டு பருவத்துக்கும், பல ஆண்டுகளுக்கும் நம்பத்தகுந்த மாதிரிகள் வேண்டும். வெளிநாட்டுக் கடைத் தட்டில் வாங்கிய பொதியை ‘இலங்கை’ என்று ஒப்பீட்டுக் குவியலில் சேர்த்தால் அந்தக் குவியலே கலப்படம்.

இந்த ஒப்பீட்டு வங்கி மலையகத்திலேயே, மலையகத்துப் பிள்ளைகளின் கையால் உருவாகவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். கருவி எங்கே இருந்தாலும் பரவாயில்லை; போத்தலை நிரப்பும் கை மலையைத் தெரிந்த கையாக இருக்கவேண்டும். எந்த மலையில் எந்தக் கான் வழியாகத் தண்ணீர் இறங்கும், எந்தப் பற்றைக்கு நேற்று உரம் விழுந்தது என்று தெரிந்தவர் எடுத்த மாதிரிக்குத்தான் பெறுமதி. இந்த வேலையால் கொழுந்தெடுப்பவரின் நாள்சம்பளம் கூடும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மலையின் பெயரால் விலை கேட்கும்போது அந்தப் பெயருக்கு அளவுச் சான்று கையில் இருக்கட்டும், அந்தச் சான்றில் மாதிரி எடுத்தவரின் பெயரும் இருக்கட்டும் என்கிறார்.

இப்போது அவர் கண் உடப்புசல்லாவை மீது. இரண்டு பருவக்காற்றும் எட்டிப்பார்க்கும் அந்தச் சரிவில் மழையின் எண் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க ராகலைப் பக்கம் பாடசாலை ஒன்றின் கூரையோரம் மழைக்கலன் வைத்தாயிற்று. உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் இருவர் மாத முடிவில் போத்தல் நிரப்புகிறார்கள். பரபின் எண்ணெய்க்கு அடியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கலக்காமல் உறிஞ்சுவது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. அடுத்ததாக, ஹட்டன் பக்கம் அதே மாதத்தில் எடுத்த போத்தலோடு தங்களுடையதை ஒரே தாளில் குறித்து, எந்தப் புள்ளி எந்தக் காற்றினுடையது என்று அவர்களே பிரித்துச் சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.